ஹைடு என்றால் ஒளிந்துகொள்வது மட்டும்தானா?

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக நான் எடுக்கும் ஆங்கில வகுப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வந்த பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி, ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள். ஆயிரத்துச் சொச்சம் ஆங்கிலச் சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒரே ஒரு பொருள். வேலூரில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாங்கியதாம். நாளொன்றுக்கு ஐம்பது சொல் என்று மூன்று வாரமாக உருப்போட்டிருக்கிறாள். "முதல் வாரம் படித்தது ஒன்றுகூட நினைவில் இல்லை அக்கா. எனக்கு இங்கிலீஷ் வராது" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கோளாறு அந்தக் கட்டில் இருக்கிறது, அவளிடம் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

கட்டைப் புரட்டினேன். 'ஹைடு – ஒளிந்துகொள்' என்று இருந்தது. அவளுடைய அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். "உங்கள் வீட்டில் ஹைடு என்றால் என்ன?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாட்டுத் தோல் அக்கா. ஆட்டுத் தோலை அப்பா ஸ்கின் என்பார்." தோல் வணிகத்தில் ஆங்கிலேயரும் அப்படித்தான் பிரித்துச் சொல்கிறார்கள்: பெரிய விலங்கின் தோல் ஹைடு, ஆடு போன்ற சிறியவற்றின் தோல் ஸ்கின். ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலருக்குத் தெரியாத நுட்பம் அது. இந்தப் பெண்ணுக்கா இங்கிலீஷ் வராது?

இன்னொரு பக்கத்தில் 'சாங்ஷன் – ஒப்புதல்'. மகளிர் குழுவில் கடன் சாங்ஷன் ஆன கதை அவளுக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்று வந்தால் அது தடை, நேர் எதிர்ப்பொருள். இதன் லத்தீன் வேருக்குச் சட்டமாக உறுதிசெய்வது என்று பொருள். உறுதிசெய்வது ஒப்புதல், அதை மீறினால் வருவது தண்டனை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒற்றைப் பொருளை மட்டும் உருப்போட்டவர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்.

சறுக்கினால் இழப்பு சிறிதல்ல. மத்திய அரசுப் பணிகளுக்கான சிஜிஎல் முதல் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். இரண்டாம் நிலையில் 45 கேள்விகளுக்கு 135 மதிப்பெண். ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்தின் 30 கேள்விகளுக்கு 20 நிமிடம், அதாவது கேள்விக்கு 40 விநாடி. பெரும்பாலும் சொல் தனியாக வருவதில்லை. பத்தியில், கோடிட்ட இடத்தில், வாக்கியத்துக்குள் வருகிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ் என்பதால் நம் பிள்ளைகள் துணிந்து எழுதுகிறார்கள். மத்திய அரசுத் தேர்வு என்றதும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

'நாங்களும் பட்டியலை மனப்பாடம் செய்துதானே தேறினோம்' என்று சிலர் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்தவருக்குப் பட்டியல் ஒரு நினைவூட்டல். தமிழ் வழியில் வந்தவருக்கு அது வெறும் ஓசை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். கவிதையை மனப்பாடம் செய்ய அவருக்கு அந்த உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்தது. நம் நிகண்டுகளைப் பாட்டாகக் கட்டியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் இங்கே எது? அங்கே டோக்கனோடு காத்திருக்கும்போது துறைப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். டெர்மட்டாலஜி: கிரேக்கத்தில் 'டெர்மா' என்றால் தோல். அது பிடிபட்டால், தடித்த தோல் கொண்ட யானை ஏன் 'பேக்கிடெர்ம்' என்பது விளங்கும். விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே அடைத்து, உயிருள்ளதுபோல் நிறுத்துகிறவர் 'டாக்ஸிடெர்மிஸ்ட்' என்பதும் விளங்கும். ஒரு விளக்கத்தைத் தந்து அதற்கு ஒரே சொல்லில் விடை கேட்கும் தேர்வுக் கேள்விகளில் பழகிய முகம் இது. எலும்பு மருத்துவத் துறையான ஆர்த்தோபீடிக்ஸில் உள்ள 'ஆர்த்தோ' என்றால் நேரான, சரியான. மரபை விடாதவரைச் சொல்லும் 'ஆர்த்தோடாக்ஸ்' அதன் உறவு.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வந்த நாட்களில் ஒரு பயணத்துக்கு ஒரு தலையங்கம் என்று வைத்திருந்தேன். புதிய சொற்கள் ஐந்துக்கு மேல் எடுக்க மாட்டேன். ஒவ்வொன்றையும் என் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியத்தில் எழுதுவேன். மறுநாளும் மறுவாரமும் அந்த வாக்கியத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பேன். நான் தேர்ச்சி பெற்றது அப்படித்தான்.

அந்தப் பெண்ணையும் ஹைடு என்ற சொல்லை இரண்டு பொருளிலும் வைத்து எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கி எழுதினாள்: அப்பா நாளெல்லாம் ஹைடுகளைச் சுமக்கிறார், தன் கைவலியை எங்களிடம் ஹைடு செய்கிறார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் என்னால் பேச முடியவில்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வகுப்பு, வழக்கமான இடத்தில்தான். கட்டணம் இல்லை. ஜெராக்ஸ் கட்டு வேண்டாம்; ஏதாவது ஒரு ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்து வாருங்கள், பழையதானாலும் சரி.