கொலையாளி யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற தொடர்கள்

விடுமுறை வந்தால் போதும், “ஒரே மூச்சுல பாக்குற மாதிரி நல்ல சீரிஸ் ஏதாவது சொல்லுங்க” என்று இன்பாக்ஸில் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாலு பெயரை எழுதி அனுப்புவதைவிட, நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இது. முடிச்சைக் கடைசி எபிசோட் வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் தொடர்களைவிட, அதை ஆரம்பத்திலேயே அவிழ்த்துக் காட்டிவிட்டு, அப்புறமும் நம்மை எழுந்திருக்க விடாத தொடர்கள்தான் ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துப் பார்க்கத் தகுந்தவை.

சஸ்பென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘அடுத்து என்ன’ என்ற ஆவலை உண்டாக்குவது ஒரு தொழில்நுட்பம். நாற்பது நிமிடம் சுமாராக ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கதவைத் திறந்து ஒரு பிணத்தைக் காட்டினால் போதும், நம் விரல் ரிமோட்டுக்கே போகாது. அடுத்த எபிசோட் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மறுநாள் யாராவது கதை கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த நாற்பது நிமிடங்களில் என்ன இருந்தது என்பதுதான் என் கேள்வி.

தமிழ் டப்பிங்கில் நம் ஊரே பார்த்த ‘மணி ஹெய்ஸ்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் 2017-ல் ஒரு தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு, 15 எபிசோட்களில் கதை முடிந்துபோன தொடர் அது. நெட்ஃபிளிக்ஸ் வாங்கியபோது அதையே வெட்டி 22 சின்ன எபிசோட்களாக்கிக் கொடுத்தது. எபிசோட் எண்ணிக்கை கூடினால், ‘ஐயோ’ என்று நிறுத்துகிற இடங்களும் கூடும் அல்லவா? உலகம் முழுக்க ஹிட் ஆனதும், முடிந்த கதைக்கு மறுபடி உயிர் கொடுத்து 2021 வரை கொண்டுபோனார்கள். நாணயச் சாலைக் கொள்ளை நடக்கும் முதல் பகுதி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பேங்க் ஆஃப் ஸ்பெயினுக்குள் நுழைந்த பிறகு ஆட்கள் செத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், திட்டத்துக்குள் திட்டம் வந்துகொண்டே இருந்தது. கொள்ளைக்கெல்லாம் திட்டம் போடும் ‘பேராசிரியர்’ மேல் இருந்த பிரியத்தால்தான் நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நேர் எதிரான தொடர் ‘செர்னோபில்’. 2019-ல் வந்தது, ஐந்தே எபிசோட். சோவியத் யூனியனில் இருந்த செர்னோபில் அணு உலை வெடிக்கப்போகிறது என்று உலகத்துக்கே தெரியும். தொடரும் அதை மறைக்க மெனக்கெடவில்லை. முதல் சில நிமிடங்களிலேயே விஞ்ஞானி வலேரி லெகாசோவ் தன் வாக்குமூலத்தை ஒலிநாடாவில் பதிவு செய்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். அது 1988. அப்புறம் கதை இரண்டு வருடம் பின்னால் போய், ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் வழியாக, தூரத்தில் ஒரு வெளிச்சமாக அந்த வெடிப்பைக் காட்டுகிறது. அவ்வளவுதான். என்ன நடந்தது, நாயகனுக்கு என்ன ஆனது, இரண்டும் நமக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஏன் எழுந்திருக்க முடியவில்லை? உலை திறந்து கிடக்கிறது என்பது நமக்குத் தெரியும், அங்கே அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அதை ஒப்புக்கொள்ள மனமில்லை. கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்டால் 3.6 ராண்ட்ஜன் என்கிறார்கள். கையில் இருந்த கருவிக்கு அதற்கு மேல் காட்டத் தெரியாது, அதனால் 3.6. அந்த எண் ஒரு அதிகாரியிடமிருந்து அடுத்த அதிகாரிக்கு, அங்கிருந்து மேலிடத்துக்கு என்று உண்மையாகவே மாறி ஏறிப்போகிறது. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு பயத்தை உண்டாக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

நாலாவது எபிசோடில் மொட்டை மாடிக் காட்சி ஒன்று வரும். வெடித்துச் சிதறிய கிராஃபைட் துண்டுகளை உலைக்குள் தள்ள வேண்டும். எந்திரங்கள் கதிர்வீச்சில் செயலிழந்துவிட்டதால் மனிதர்களை அனுப்புகிறார்கள். ஒருவருக்கு 90 விநாடிதான். கேமரா ஒரு இளம் சிப்பாயின் பின்னாலேயே மேலே போகிறது. கருவியின் கடகடப்பும் அவனுடைய மூச்சும்தான் சத்தம். மண்வாரியில் எடுக்கிறான், கொட்டுகிறான், தடுக்குகிறது, ஓடுகிறான். இறங்கி வந்து பார்த்தால் பூட்ஸ் கிழிந்திருக்கிறது. அதைப் பற்றித் தொடர் வேறொன்றும் விளக்குவதில்லை. அந்தப் பையனின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஐந்தாவது எபிசோட் நீதிமன்றம். சிவப்பு, நீல அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒரு அணு உலை எப்படிச் சமநிலையில் ஓடுகிறது, அது எப்படிக் கை மீறிப் போனது என்று லெகாசோவ் விளக்குவார். பள்ளிக்கூடத்தோடு இயற்பியலைத் தலைமுழுகியவர்களுக்கும் புரியும். எல்லாமே அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் வரும் உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். தொடரே கடைசியில் அதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடொலசென்ஸ்’. நாலு எபிசோட். இங்கிலாந்தில் ஒரு காலைப்பொழுது, போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்து 13 வயதுப் பையனைக் கைது செய்கிறது. உடன் படித்த சிறுமியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அவன்தான் செய்தானா? முதல் எபிசோட் முடிவதற்குள் கண்காணிப்புக் கேமரா காட்சியில் பதில் வந்துவிடுகிறது. அதனால் இதை நான் சொல்வதில் எந்த ரகசியமும் கெட்டுப்போகவில்லை. வேறொரு தொடராக இருந்திருந்தால் இந்தக் கேள்வியை மட்டுமே வைத்து எட்டு எபிசோட் ஓட்டியிருப்பார்கள். ‘ஏன் செய்தான்’ என்பதுதான் இவர்களுக்குப் பெரிய கேள்வி.

ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. இதைப் பலரும் வித்தையாகப் பேசினார்கள். எனக்கு அது வித்தையாகத் தெரியவில்லை. வெட்டு இல்லாததால் நமக்கும் அந்த இடத்தை விட்டு நகர வழியில்லை. மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். ஒரு அறை, ஒரு மேசை, அந்தப் பையன், எதிரே ஒரு உளவியல் நிபுணர். அவனுக்காக ஹாட் சாக்லேட்டும் தன் சாண்ட்விச்சில் பாதியும் கொண்டுவந்திருக்கிறார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று எழுந்து நின்று கத்தும்போது, அவன் குழந்தையா, நாம் பயப்பட வேண்டிய ஆளா என்று நமக்கே குழம்பிவிடும். அவனை அழைத்துக்கொண்டு போன பிறகு அந்த அறையில் அவர் தனியாக நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, எரின் டோஹர்ட்டி என்ன நடிகை! பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் படப்பிடிப்பு, அதிலும் முதலில் எடுத்ததே இந்த எபிசோடைத்தான். அதே வருடம் 15 வயதில் எம்மி விருது வாங்கினார்.

வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நடக்கும் இரண்டாவது எபிசோடில் ஒரு அப்பாவுக்கு அவருடைய பிள்ளையே இன்ஸ்டாகிராம் எமோஜிகளுக்கு அர்த்தம் சொல்லித் தருவான். அதைப் பார்த்த பிறகு உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சைத் தொடங்குவது சுலபமாக இருக்கும்.

சரி, தமிழுக்கு வருகிறேன். நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. 2022-ல் வந்த ‘சுழல்’ தொடரில் மயானக் கொள்ளைத் திருவிழாவையும் காணாமல்போன பெண்ணைத் தேடுவதையும் பின்னியிருந்த விதம் அருமை. பறை, வேஷம், மேலே ஏறும் சாமி என்று திரைக்குள் ஒரு உண்மையான ஊர் இருந்தது. அதே வருடக் கடைசியில் வந்த ‘வதந்தி’யில் எஸ்.ஜே. சூர்யா தன் வழக்கமான ஆட்டத்தை அடக்கி வாசித்திருந்தார். செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் எத்தனை கதை கட்டும் என்பது அதில் நன்றாகவே வந்திருந்தது. இரண்டையும் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இரண்டிலும் கடைசிக்கு வரும்போது ‘யார்’ என்ற கேள்விக்கு ஆச்சரியமான பதிலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. அதுவரை பார்த்துப் பழகிய மனிதர்கள் சட்டென்று சந்தேகப் பட்டியலில் உள்ள பெயர்களாகிவிடுகிறார்கள். நல்ல எழுத்தும் நல்ல நடிகர்களும் கையில் இருக்கும்போது, காணாமல்போன பெண் அல்லது செத்துப்போன பெண் என்ற அந்த ஒரே வாசல் வழியாகத்தான் கதைக்குள் போக வேண்டுமா? எனக்கு இது உண்மையாகவே வருத்தம்.

அதனால்தான் ‘அயலி’யை நான் தூக்கிப் பிடிக்கிறேன். 2023 ஜனவரியில் ஜீ5-ல் வந்தது. முத்துக்குமார் இயக்கம், எட்டு எபிசோட். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற கிராமம், 90-களின் காலம். பெண் வயதுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அயலித் தெய்வத்தின் கோபம் ஊரை அழிக்கும் என்பது அங்கே கட்டுப்பாடு. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

ரகசியம் நமக்கு முழுதாகத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. அதனால் ஒவ்வொரு சின்ன விஷயமும் நெஞ்சைப் பிடிக்கிறது. உடுப்பில் ஒரு கறை யார் கண்ணிலாவது பட்டால் போதும், அவள் படிப்பு அன்றோடு முடிந்தது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. மகளாக அபி நட்சத்திராவும் அம்மாவாக அனுமோலும் வருகிற காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். காலம் முழுக்கத் தலையை ஆட்டியே பழகிய ஒரு பெண், மகளுக்காக முதல்முறையாகப் பொய் சொல்லத் துணியும்போது முகத்தில் ஓடும் பயத்தை அனுமோல் வசனம் இல்லாமலே காட்டிவிடுகிறார். சில இடங்களில் வசனம் மேடைப் பேச்சாகிவிடுகிறது, வில்லத்தனம் கொஞ்சம் தூக்கல். இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டியிலிருந்து பேத்தி வரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் “எங்க காலத்துல...” என்று பாட்டி பேச ஆரம்பிக்கும் வெப் சீரிஸ் தமிழில் வேறு எத்தனை இருக்கிறது?

கொரியத் தொடர்களில் ஒன்றே ஒன்று சொல் என்றால் ‘ரிப்ளை 1988’. சியோலில் சாங்முன்-டாங் என்ற பகுதியில் ஒரு தெரு, ஐந்து குடும்பங்கள், 20 எபிசோட், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சினிமா நீளம். முதல் எபிசோடில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக் குழம்பை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். போன பிள்ளை வெறுங்கையோடு திரும்பாது. இப்படியே தட்டும் கையுமாகப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். நாயகி டக்-சன் 1988 ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நடக்க மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பாள். கடைசி நேரத்தில் அந்த நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிடும். வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்தவர்கள் அந்த முதல் எபிசோடைக் கண் கலங்காமல் பார்ப்பது கஷ்டம். இந்தத் தொடரிலும் ஒரு மர்மம் உண்டு: டக்-சன் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள்? என்னைக் கேட்டால் தொடரிலேயே பலவீனமான இழை அதுதான். அப்பா அம்மாக்களின் கதை ஓடும்போது அந்தக் கேள்வியே மறந்துபோகிறது. முடிந்தவரை கொரிய ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். சப்டைட்டில் படிக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எந்தத் தொடரானாலும் தமிழ் டப்பிங் கிடைத்தால் தயங்காமல் அதையே போடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

கடைசியாக, நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் ‘த வயர்’. 2002 முதல் 2008 வரை வந்தது, ஐந்து சீசன், 60 எபிசோட். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம்தான் அதில் நாயகன். எழுதிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் போலீஸ் செய்தி எழுதியவர், கூட எழுதிய எட் பர்ன்ஸ் போலீஸ்காரராகவும் அப்புறம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அதனால்தான் போதை விற்கும் பையன்கள், துறைமுகத் தொழிலாளர்கள், நகராட்சி அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று ஒவ்வொரு சீசனிலும் நகரத்தின் ஒரு பகுதி திறந்துகொண்டே போகிறது. யார் குற்றவாளி என்று யாரும் தேடவில்லை. போலீஸ் என்ன செய்கிறது, அந்தப் பக்கம் என்ன செய்கிறது, இரண்டையும் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

முதல் சீசனில், குடியிருப்பு நடுவே உள்ள திறந்தவெளியில் இரண்டு பையன்கள் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஆட்டம் ஆடுவார்கள். அவர்களை மேய்க்கும் டி’ஆஞ்சலோ வந்து உட்கார்ந்து சதுரங்கம் சொல்லித் தருவான். ராஜா, ராணி, யானை என்று ஒவ்வொன்றையும் அவர்கள் வேலை பார்க்கும் கும்பலின் ஆட்களை வைத்தே விளக்குவான். ராஜா ஆவது எப்படி என்று ஒரு பையன் கேட்பான். ராஜா எப்போதும் ராஜாதான், சிப்பாய்கள் சீக்கிரமே வெட்டுப்பட்டுப் போவார்கள் என்று பதில் வரும். அந்த மூவருக்கும் பின்னால் என்ன ஆகப்போகிறது என்பது அந்தப் பலகை மேலேயே இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது நமக்கு அது புரியாது.

இதை மட்டும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒரு சீசன் போதும். பால்டிமோர் தெருப் பேச்சு காதுக்குப் பிடிபட நாளாகும், ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாலு எபிசோடில் பெயர்கள் குழப்பும், போலீஸ் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய நாலாவது சீசனுக்கு வந்து சேரும்வரை தயவுசெய்து கைவிடாதீர்கள்.

எந்தத் தொடர் எந்தச் செயலியில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறுகிறது, தேடிப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: கொலையோ காணாமல்போன பெண்ணோ இல்லாத நல்ல தமிழ் சீரிஸ் நீங்கள் பார்த்திருந்தால், பெயரையும் ஏன் பிடித்தது என்பதையும் கமெண்டில் எழுதுங்கள். பார்த்துவிட்டு அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடுகிறேன்.