கிளிமஞ்சாரோ ஏற உடல்வலு இருந்தால் 5 நாள் போதுமா?

"கிளிமஞ்சாரோவில் கயிறு கட்டி ஏறத் தேவையில்லை. ஜிம்முக்குப் போகிறவர்கள் 5 நாளில் ஏறி இறங்கிவிடலாம், மிச்ச நாளில் செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்கு சஃபாரி போகலாம்" என்று, தான்சானியாவில் உள்ள இந்த மலை பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வழக்கமான பாதைகளில் கயிறு வேண்டாம் என்பது சரி. மற்றது ஆபத்தான யோசனை.

உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய், உடல்வலுவைப் பார்த்து வருவதில்லை. 5,895 மீட்டர் உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவ அறிவுரை. மராங்கு என்ற பாதையில் போகும் 5 நாள் பயணத்திலோ முதல் இரவு தூங்குவது சுமார் 2,700 மீட்டர், அடுத்தது 3,700, அதற்கடுத்தது 4,700! அன்று நள்ளிரவிலேயே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். இளைஞர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

7, 8 நாள் எடுக்கும் லெமோஷோ பாதையில் சுமார் 4,600 மீட்டரில் உள்ள லாவா டவர் வரை ஏறி, 4,000 மீட்டருக்கு இறங்கித் தூங்குவார்கள். உடம்பு பழகுவதற்கு இது பெரிய உதவி.

தலைவலியோடு தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால், ஓய்விலும் மூச்சு வாங்கினால், உடனே கீழே இறங்கியாக வேண்டும். வழிகாட்டி இறங்கச் சொன்னால் தயவுசெய்து வாதாடாதீர்கள்.

நாள் போதவில்லையா? சஃபாரியில் ஒரு நாளைக் குறையுங்கள், மலையில் குறைக்காதீர்கள். அப்புறம், சஃபாரி நடக்கும் தாழ்வான பகுதிகளில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.