அழகியல் பாடம் பாடத்திட்டத்தில் இருக்கிறது

“இலங்கையில் கலைக்கல்வி காசுள்ளவர்களுக்கே, அரசின் பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பிழை. இதைப் படித்துவிட்டு வன்னியில் எந்தப் பெற்றோரும் மனம் தளர்ந்துவிடக் கூடாது.

நடைமுறையில் இருந்துவரும் பாடத்திட்டப்படி தரம் 6 முதல் 9 வரை அழகியல் பாடங்களான சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றில் ஒன்றைப் படிப்பது கட்டாயம். சாதாரண தரத்தில்தான் (தரம் 10, 11) அது விருப்பத் தொகுதிக்குப் போகிறது. அங்கும் பரீட்சைத் திணைக்களம் செயன்முறைப் பரீட்சை வைக்கிறது. உயர்தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ படித்து, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கட்டணமின்றிப் பட்டப்படிப்புக்கும் போகலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடம் ஏட்டில் இருந்தாலும் உட்புறப் பாடசாலைக்கு ஆசிரியர் வர வேண்டுமே! எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துத் தட்டினால், முற்றத்தில் நிற்கும் சிறுவனின் கால் தானாகவே தாளத்துக்கு எழும். கோவலன் கூத்தின் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பட்டமோ டிப்ளோமாவோ இல்லாததால் அவர் நிரந்தர ஆசிரியராக முடியாது. பிரதேச செயலகத்தின் பண்பாட்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் வகுப்பறைக்குள் அவரை அழைத்துச்செல்ல அது போதாது.

ஆகவே, “இடமே இல்லை” என்ற வரியை நீக்கி, “ஆசிரியர் போதவில்லை” என்று திருத்திவிடுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.