குதிரை மேல் இருந்தவர்

"வெள்ளைக்காரன் இருந்திருந்தா எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கும்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு லெனார்ட் வுல்ஃப் ஞாபகம் வந்துவிடும். ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்றுதான் பலருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஆறரை வருடம் இலங்கையில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்தவர்.

1904 டிசம்பரில் கொழும்பில் வந்து இறங்கியபோது வயது 24. கூட ஒரு நாய், அப்புறம் மூட்டை மூட்டையாக வால்டேர் புத்தகங்கள். முதல் வேலை யாழ்ப்பாணக் கச்சேரியில். (பாட்டுக் கச்சேரி இல்லை. நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு அங்கே அதுதான் பெயர்.)

1906இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்க்க அனுப்பினார்கள். அழுகும் சிப்பி நாற்றத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கான சனம். படகுக்காரர்கள் அள்ளி வந்த சிப்பியைத் தாங்களே மூன்று சமக் குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்று அதிகாரி கை காட்டுவார். மிச்சம் ஒன்றுதான் படகுக்காரர்களுக்கு. குவியலைக் கூட்டிக் குறைத்து ஏமாற்ற வழியே இல்லை, எவ்வளவு சுத்தமான ஏற்பாடு பாருங்கள்! மூன்றில் இரண்டு எதற்கு அரசாங்கத்துக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

நம் ஆட்கள் சிலாகிக்கிற 'ஒழுங்கு' இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதை வுல்ஃபே பிற்பாடு புரிந்துகொண்டார் என்பதால்தான் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

யாழ்ப்பாணப் பெரிய தெருவில் ஒருநாள் குதிரையில் போனபோது, வண்டியில் வந்த ஒரு தமிழ் வழக்கறிஞரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்ததாக அவர்மேல் யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் ஆளுநருக்குப் புகார் அனுப்பியது. அவர் அடிக்கவில்லை, எதையோ சுட்டிக்காட்டத்தான் சவுக்கை நீட்டினார். ஆனால் பல வருடம் கழித்துச் சுயசரிதையில் அவர் ஒத்துக்கொள்வது வேறு: அவர்கள் ஊர்த் தெருவில் தான் அப்படித் திமிராகக் குதிரை மேல் உட்கார்ந்திருந்ததே முகத்தில் அறைந்த மாதிரிதான்.

1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபர். உப்பு, வழக்கு, வரி எல்லாவற்றிலும் பேய் மாதிரி உழைத்தார். மாடுகளுக்கு வெக்கை நோய் என்ற கொள்ளைநோய் வந்தபோது, கட்டாமல் திரிந்த மாடுகளைச் சுட்டுக் கொல்ல வைத்தார். சட்டப்படி சரிதான். மாட்டை நம்பிப் பிழைத்த குடியானவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1911இல் விடுப்பில் லண்டன் போனவர் அடுத்த வருடம் வேலையை உதறிவிட்டார். காதல் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏகாதிபத்தியத்தின் மேல் வந்த வெறுப்பும் நிஜம். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவில் இருந்தபோது, 1938லேயே, சிறுபான்மையினரைக் காக்க இலங்கைக்கு சுவிட்சர்லாந்து மாதிரி கூட்டாட்சியைப் பரிசீலிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். யார் காதில் விழுந்தது?

1960இல், 79 வயதில், மறுபடி இலங்கைக்குப் போனார். தடபுடலான வரவேற்பு. அதற்கிடையே ஒரு முதியவர் தேடி வந்தாராம். மாட்டு நோய்க் காலத்தில் வுல்ஃப் கொடுத்த ஒரு தண்டனையைச் சொல்லி, அது நியாயம்தானா என்று நேருக்கு நேர் கேட்டாராம். நடந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.