கண்டதும் இல்லையாம்

எங்கள் வன்னிப் பள்ளிக்கூடத்துக்குக் கொம்பியூட்டர் கொடுக்க வந்தவர் மேடையில் பேசிய வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொடுத்தது நல்ல காரியம், நன்றி. ஆனால் "2009 வரைக்கும் வன்னிச் சனம் கொம்பியூட்டரைக் கண்ணாலும் கண்டதில்லை" என்று எங்கள் பிள்ளைகளை முன்னால் இருத்தி வைத்துச் சொன்னாரே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

கண்டோம். கண்டது மட்டுமில்லை, உதிரிப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினோம்.

என் சித்தப்பா புதுக்குடியிருப்பில் றேடியோ திருத்தியவர். எண்பதுகளில் லண்டனில் இருந்து வந்த மாமா அவருக்குக் கொடுத்தது சின்கிளேயர் இசட்எக்ஸ்81 என்ற சின்னக் கொம்பியூட்டர். 1981 இல் வந்த மெஷின். பூட்டியும் விற்றார்கள், 49.95 பவுணுக்கு உதிரியாகவும் விற்றார்கள். மாமா கொண்டுவந்தது உதிரி. சித்தப்பா சிப்பின் கால்களுக்கு ஒவ்வொன்றாக ஈயம் வைக்க, ரோர்ச் பிடித்தது நான். மெமறி 1 கிலோபைட். புரோகிராமும் திரையில் தெரிகிற எழுத்தும் அதற்குள்தான் அடங்க வேண்டும். எந்த வரியைச் சுருக்கலாம் என்று பின்னேரம் முழுக்க மண்டையை உடைப்போம். எழுதியதைக் கசற்றில்தான் பதிந்து வைப்பது.

1990 இல் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. சனம் சைக்கிள் தைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலம். சித்தப்பா ஒரு பழைய கார் பற்றறியில் அந்த மெஷினை ஓட்டினார். 9 வோல்ட்டுக்குச் செய்ததற்கு 12 வோல்ட் கொடுத்தால் மிச்சம் சூடாகத்தான் வெளியேறும். உள்ளே வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற ரெகுலேற்றர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அலுமினியச் சட்டி மூடியில் ஒரு துண்டு வெட்டி அதில் இறுக்கினார். சூடு இறங்கியது, மெஷின் ஓடியது. இதைச் செய்தவருக்கா கொம்பியூட்டர் தெரியாது?

"ஒரு வீட்டில் இருந்தால் அது வன்னி முழுக்க இருந்ததாகுமா?" என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் ஒரு வீட்டில் இருந்தாலே "கண்டதில்லை" என்பது பொய்தானே?

"சனம் சோற்றுக்கு அல்லாடியபோது கொம்பியூட்டர் கதையா?" என்று இன்னொருவர் வருவார். நாங்களும் அல்லாடினோம், ஐயா. பசித்தவனுக்கு மூளை இருக்கக்கூடாதா? மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அதே பிள்ளைதான் வீட்டுக்கு வந்து அந்த மெஷினின் மூளையான இசட்80 சிப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டது. எங்களைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் எங்கள் பசி தெரிகிறது, எங்கள் கைவேலை மட்டும் தெரிவதில்லை. கொடுக்க வருகிறவருக்கு நாங்கள் ஒன்றும் தெரியாதவர்களாகவே இருக்க வேண்டும் போல.

ஆதாரம் எங்கே என்று கேட்காதீர்கள். 2009 இல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். மெஷின் வீட்டோடு போனது. சித்தப்பாவும் இப்போது இல்லை.

மல்லாவி, ஒட்டுசுட்டான், கிளிநொச்சிப் பக்கம் இப்படி மெஷின் வைத்திருந்தவர்கள் இருப்பீர்கள். என்ன மெஷின், எதில் ஓட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.