மாட்யூல்ல ஆப்ஜெக்ட் சேர்க்கறது: ஒரு திருத்தம்

ப்ரோ, சி-ல பைத்தான் மாட்யூல் எழுதறப்ப அதுல ஒரு ஆப்ஜெக்ட பேரு வச்சு சேர்க்கற ஃபங்ஷன்தான் பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் (PyModule_AddObject). ரெஃபரன்ஸ்னா அந்த ஆப்ஜெக்ட் இன்னும் யாருக்கோ வேணும்ங்கற கணக்கு, அத விட்டாத்தான் மெமரி காலியாகும். "பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் கூப்பிட்டா ரெஃபரன்ஸ அதுவே எடுத்துக்கும், ரிட்டர்ன் வேல்யூவ பாக்கவே வேணாம்"னு மேல போட்டிருக்கீங்க, அது பாதிதான் சரி. ஜெயிச்சு 0 வந்தா மட்டும்தான் எடுத்துக்கும். ஃபெயிலாகி -1 வந்துச்சுன்னா ரெஃபரன்ஸ் இன்னும் நம்ம கையிலதான், நாமதான் பை_டெக்ரெஃப் (Py_DECREF) போட்டு அத விடணும், இல்லேன்னா ஆப்ஜெக்ட் நல்லா இருக்கும்போது பேரு சேர்க்கற இடத்துல மெமரி பத்தாம ஃபெயில் ஆனா அது அப்படியே லீக் ஆயிடும், அதாவது மெமரி காலியாகாமலே கெடக்கும். சிபைத்தான்ல (சி-ல எழுதின வழக்கமான பைத்தான்) ரெஃபரன்ஸ திருடற, அதாவது நம்மகிட்டருந்து எடுத்துக்கற ஃபங்ஷனே கம்மி, அதுலயும் ஜெயிச்சாத்தான் திருடுவேன்னு நிக்கிற ஆளு இது, ஆளாளுக்கு குழம்பாம என்ன பண்ணுவாங்க.

நீங்க சொல்றது பைத்தான் 3.13ல வந்த பைமாட்யூல்_ஆட்-க்குத்தான் பொருந்தும், அது ஃபெயில் ஆனாலும் எடுத்துக்கும். ஆனா அதுலயும் ரிட்டர்ன் வேல்யூ பாக்கணும் லா, எர்ரர் செட் ஆனது தெரியாம மாட்யூல திருப்பிக் குடுத்தா இம்போர்ட் பண்றப்ப சிஸ்டம்எர்ரர்னு சம்பந்தமே இல்லாம கத்தும். பினாங்கு பாயான் லெப்பாஸ்ல வேல செஞ்சப்ப இதே மாதிரி ஒன்னுக்காக ராத்திரி பூரா உக்காந்து, காலைல நாசி கண்டார் சோத்துக் கடையிலதான் கண்ணே தெளிஞ்சுது.

பழைய வெர்ஷனும் ஓடணும்னா 3.10ல வந்த பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் போடுங்க. அது எப்பவுமே திருடாது, ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்க ரெஃபரன்ஸ நீங்களே விட்டுடலாம். எனக்கு புடிச்சது அதான்.

அப்புறம் கீழ ஒருத்தர் பைமாட்யூல்_கெட்டிக்ட் (PyModule_GetDict) குடுக்கற மாட்யூல் டிக்ஷனரிக்கும் டெக்ரெஃப் போடச் சொல்றார், போட்டுடாதீங்க, அது இரவல் ரெஃபரன்ஸ், நம்மோடது இல்ல.