40 ஆண்டு என்பது ஆயுள் அன்று, பரிசோதனைக் கெடு

ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேரைப் பலிகொண்ட சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் குடியிருப்பு, ‘கான்கிரீட்டின் 40 ஆண்டு ஆயுள் முடிந்ததால்’ விழுந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பணிவுடன் ஒரு திருத்தம்.

1981இல் கட்டப்பட்ட அக்கட்டடத்துக்குப் பொருந்திய, அந்நகர் அடங்கிய மயாமி-டேட் கவுண்டியின் (மாவட்டத்தின்) விதியில், 40 ஆண்டு என்பது கட்டடம் பாதுகாப்பானது எனப் பொறியாளரிடம் மறுசான்று பெறுவதற்கான காலக்கெடு மட்டுமே. 2022இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் முதற் பரிசோதனையைப் பொதுவாக 30 ஆண்டில் கோரியது. அதனால் கட்டடங்களின் ஆயுள் பத்தாண்டு குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லையே!

இடிவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2018இல், பொறியாளர் அளித்த அறிக்கை கான்கிரீட்டின் முதுமையைக் குறை சொல்லவில்லை. நீச்சல்குளத்தைச் சுற்றிய தளம் வாட்டம் (சரிவு) இல்லாமல் சமமாகப் போடப்பட்டிருந்ததால் தண்ணீர் வடிய வழியின்றி ஆவியாகும்வரை தேங்கி நின்றதையும், நீர்க்காப்புப் பூச்சு பழுதாகி அடியிலிருந்த கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருந்ததையும், மாற்றாவிட்டால் சேதம் வேகமாகப் பெருகும் என்பதையும் அது எழுத்தில் தந்திருந்தது. பிற்பாடு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குளத் தளத்தின் வடிவமைப்பிலேயே வலிமைக் குறைபாடு இருந்ததாகக் கூறியது. ஆகவே பராமரிப்புக் குறைவு ஒன்றே காரணம் என்பதும் என் வாதமன்று. ஆனால் ‘ஆயுள் முடிந்தது’ என்ற சொல், பழுதையும் தள்ளிப்போட்ட பழுதுபார்ப்பையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

சரிபார்க்க விரும்புவோர், விபத்துக்குப் பின் சர்ஃப்சைடு நகராட்சி வெளியிட்ட அந்த 2018 அறிக்கையையும், நிஸ்ட் இணையதளத்திலுள்ள விசாரணைக் குறிப்புகளையும் படிக்கலாம். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.